குழிக்குள் கிடந்த சொம்பு

"சனிக்கிழமையோட குழிய மூடிடுவோம் சிஸ்டர். ஒண்ணும் தேறல," என்று சொல்லிவிட்டு ஜோசுவா டீயை ஊதிக் குடித்தான். பிரிசில்லா அவசரமாய் அவன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

அவள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால், வேலூரில் எப்போதோ மூடிப்போன ஒரு தோல் கம்பெனி நின்ற இடம். அங்கே அடுக்குமாடி கட்டக் கடைக்கால் தோண்டியபோது பழங்காலச் செங்கல் சுவர் தலைகாட்டியது. வீடு எழும்புவதற்குள் பார்த்துவிடலாம் என்று தொல்லியல் துறை ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஜோசுவாதான் அதிகாரி, மீசைகூடச் சரியாக முளைக்காத அதிகாரி.

அவர்கள் வந்த பிறகுதான் "சாப்டீங்களா?" என்று பிரிசில்லாவைக் கேட்க ஆள் கிடைத்தது. நர்ஸாக இருந்தவரை ஊர் முழுக்க நாடி பிடித்தவள். கல்யாணம் கில்யாணம் என்று எதுவும் செய்துகொள்ளவில்லை. ரிட்டயர் ஆனபின் மிஞ்சியது ரேடியோ ஒன்றுதான். அதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், பாவம்.

குழிக்கு அந்தப் பக்கத்து வீட்டு லியாகத் அலி பாயோடு பேச்சே கிடையாது. நைட் டியூட்டி முடிந்து வந்தவளைத் தூங்கவிடாத அவர் வீட்டுச் சேவலால் வந்த சண்டை. சேவல் பிரியாணியாகிப் பல வருஷம், அவர் மனைவி சுகரா பேகமும் போய்ச் சேர்ந்தாயிற்று, சண்டை மட்டும் சாகவில்லை. மனுஷன் பகலெல்லாம் பின்சுவரோரம் நாற்காலி போட்டு, குழியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் மத்தியானம், எல்லாரும் புங்கமர நிழலில் கண்ணசந்த நேரம் பார்த்து, பிரிசில்லா தன் மீன்குழம்புச் சட்டியை உடைத்துக் குழிக்குள் தூவினாள். பானை ஓடுகளைக் கழுவும் ராஜம்மாள் கையில் அது சிக்கியது.

"சார், சட்டி ஓடு. கரிகூட போகல."

ஜோசுவா துள்ளினான். "அப்ப இங்க ஜனங்க சமைச்சு சாப்ட்டிருக்காங்க!"

"ஆமா தம்பி, நல்லாவே சாப்ட்டிருப்பாங்க," என்றாள் பிரிசில்லா, எங்கேயோ பார்த்தபடி.

ஒரு வாரம் கூடக் கிடைத்தது. அதுவும் ஓடிப்போனது. திங்கட்கிழமை மூட்டை கட்டுவதாக ஜோசுவா மறுபடி சொன்னான்.

ஞாயிறு ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு, பரணில் கறுத்துக் கிடந்த அம்மாவின் பித்தளைச் சொம்பைக் குழியில் புதைத்தாள். திங்கள் காலை இட்லியைப் பிட்டபோதுதான் உறைத்தது: சொம்பின் அடியில் புள்ளி புள்ளியாய் அம்மா பெயர் வெட்டியிருக்கிறது!

"ஐயோ ஆண்டவரே!" கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

ஓடி என்ன பயன்? மண் அப்பிய சொம்பு ராஜம்மாள் கையில் இருந்தது. ஜோசுவா செல்போனில் கத்திக்கொண்டிருந்தான்.

"சொம்பு சார்! அடியில எழுத்து இருக்கு சார்!" போனோடு திரும்பினான். "சிஸ்டர், மெட்ராஸ்லேர்ந்து பெரியவங்க வர்றாங்க. இந்த வரிச முழுக்கத் தோண்டப் போறோம்!"

"வரிசன்னா?"

"உங்க வீடும் சேத்துதான். பேஜாராகாதீங்க, வேற எடம் குடுப்பாங்க."

பேச ஆள் வேண்டும் என்று செய்த வேலை, படுக்க வீடே இல்லாமல் ஆக்கிவிடும் போலிருந்தது. பிரிசில்லா மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது எங்க அம்மா சொம்பு தம்பி. நாந்தான் பொதச்சேன். அடியில சவுரியம்மாள்னு பேரு இருக்கும், பாரு. நீங்கல்லாம் போய்ட்டா என்கிட்ட பேச யாருமே இல்லப்பா."

ஜோசுவா போனை மெதுவாய் அணைத்தான். எதிர்ச் சுவரோரம் லியாகத் அலி பாய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவசரமாய் உள்ளே போகப் பார்த்தார்.

ராஜம்மாள் அதற்குள் தன் தூக்குவாளியிலிருந்த புளிக்குழம்பைத் தொட்டுத் தேய்த்து, எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சிஸ்டர் சொல்றீங்க? சவுரியம்மாள்னு எங்க இருக்கு? இதுல சுகரா பேகம்னுல்ல போட்டிருக்கு!"