பந்தயக் கொப்பரைப் பரணி

வாழ்க குல்பாஷ்! பிறர் வலியை முகம் சுளிக்காமல் தாங்கும் பேராற்றல் பெற்றவளே, வாழ்க! அடுத்தவள் அலறும்போது அணுவளவும் அசையாத மலையே, மருமகளின் இடுப்பெலும்பு நொறுங்கினும் கலங்காத வச்சிர நெஞ்சே, மூன்று பிள்ளைகளை மருந்தின்றிப் பெற்று, அந்த வீரவரலாற்றை முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரு கல்யாண விருந்தும் தப்பாமல் ஓதிவரும் வாக்கின் வேந்தே, உன் புகழைப் பாட எமக்கு நீயே தெம்பு தருவாயாக. தேநீரும் தந்தால் நலம்.

துலாக்கோலின் பெயரைத் தாங்கியும் எதையும் நடுநிலையில் நிறுத்த அறியாத தராஸ் நகரில், காற்றானது கூரைத் தகடுகளைப் போர்முரசென அறைந்துகொண்டிருந்த ஓர் ஏப்ரல் மாதக் காலையில், எட்டு மணியளவில், குல்பாஷின் மருமகள் குன்சுலுவுக்கு வலி கண்டது. கணவன் தௌலெத் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு மகப்பேற்று மனைக்கு விரைந்தான். அந்தக் கார் தெருமுனை திரும்பும் முன்பே, நான்காம் மாடிச் சமையலறையில் குல்பாஷ் அடுப்பைப் பற்றவைத்துக் கொப்பரையை ஏற்றிவிட்டாள்.

பந்தயக் கொப்பரை என்பது எம் குலத்தின் தொன்மையான போர்முறை. ஒருத்திக்கு வலி கண்டதும் அவள் வீட்டில், எளிதில் வேகாத கிழட்டுக் கடாவின் கறியை வேகப்போட வேண்டும். கறி முந்துகிறதா, பிள்ளை முந்துகிறதா என்பது பந்தயம். கறியின் மணம் எட்டியதும், தன் பங்கு போய்விடுமோ என்று பதறிப் பிள்ளை ஓடிவரும் என்பது முன்னோர் கண்ட மருத்துவம். கறி முந்தினாலோ, அந்த மருமகள் சோம்பேறி என்ற பேச்சு அவள் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், மூடிய சன்னல்களுக்குள் கறி மணம் எப்படிப் போகும் என்று கேட்பவர்கள் காவியம் கேட்கத் தகுதியற்றவர்கள்.

கறி மணம் பிள்ளையை எட்டியதோ இல்லையோ, எதிர்வீட்டுப் பல்ஷெக்கேரை எட்டியது; அவள் வந்து குல்பாஷின் சமையலறை நாற்காலியில் தேநீரோடு அமர்ந்துவிட்டாள். தேன்சர்க்கரை என்று பொருள்படும் பெயர் அவளுக்கு. வைத்தவர்கள் அவள் பேச்சைக் கேட்கும்வரை உயிரோடு இருக்கவில்லை. இவளே எதிரணியின் தளபதி. இவள் மகள் தலைநகரில் முதுகுத்தண்டில் ஊசி போட்டுக்கொண்டு, பிள்ளை பிறக்கும்வரை தொலைக்காட்சித் தொடர் பார்த்தவள். அந்த வரலாறு ஏழாண்டுகளாக மாடிப்படி தோறும் ஒலித்துவருகிறது. ஒருத்தி தான் பட்ட வலியின்மேல் அரியணை இட்டு அமர்ந்தாள். மற்றொருத்தி தன் மகள் படாத வலியின்மேல் அரியணை இட்டு அமர்ந்தாள். இப்போது வலி யாருக்கோ, அவளைக் கேட்பது இரு தரப்பின் போர்மரபிலும் இல்லை.

ஆயினும் குன்சுலு குற்றமற்றவள் அல்லள். முந்தைய மாதம் வசந்தப் பண்டிகை விருந்தில், இருபது பேர் முன்னிலையில், எண்ணெயில் பொரித்த மாவுருண்டைகளை வாய்கொள்ளாமல் அடைத்துக்கொண்டு அவள் ஒரு சபதம் செய்திருந்தாள். “நானும் அத்தை மாதிரியே, ஊசி கீசி எதுவும் இல்லாம பெத்துக் காட்டறேன்!” அன்று அவளுக்கு வலி இல்லை. வலி இல்லாதபோது வலியைத் தாங்குவது எளிது. உலகத்து அறிவுரைகளில் பெரும்பகுதி இந்த நிலையில் இருந்துதான் எழுதப்படுகிறது.

நண்பகல் வந்தது. நான்கு மணி நேரமாகக் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பற்றியிருந்த குன்சுலு, அதை வளைத்துவிடுவாள் போலிருந்த ஒரு தருணத்தில், வீரவசனங்கள் அனைத்தையும் துறந்து வாய் திறந்தாள்.

“எனக்கு ஊசி வேணும்.”

மயக்க மருத்துவர் சகிந்திக் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். “போட்டுடலாம்மா. ஆனா பன்னிரண்டரைக்கு நான் ஆபரேஷனுக்குப் போகணும். இன்னிக்கு நான் ஒருத்தன்தான். அதுக்குள்ள கையெழுத்துப் போடுங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள நேரம் தாண்டிடும், அப்புறம் போட முடியாது.”

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து. கையெழுத்து அவளுடையது, முதுகு அவளுடையது, வலி அவளுடையது. பேனா மட்டும் தாளைத் தொடாமல் நின்றது. எம் நாட்டில் விருந்து மேசையில் சொன்ன சொல் அறுத்த ஆட்டைப் போன்றது, மறுபடி மந்தைக்குத் திரும்பாது.

“அத்தைகிட்ட பேசுங்க,” என்றாள் பல்லைக் கடித்து. “அவங்க வாயால பரவால்லன்னு சொல்லச் சொல்லுங்க.”

தௌலெத் தாய்க்குக் காணொளியில் அழைத்தான். ஐந்தே நிமிடம் வெளியே நின்றுவிட்டு வந்து, அம்மா பரவாயில்லை என்றுவிட்டாள் என்று பொய் சொல்லியிருந்தால் இந்தக் காவியமே பிறந்திராது. அந்த அறிவு எம் குலத்து ஆண்களுக்கு அருளப்படவில்லை.

குல்பாஷின் தொலைபேசி சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைக்கப்பட்டது. கையில் கரண்டி, பின்னால் கொதிக்கும் கொப்பரை, சுற்றிலும் ஆவி. கோட்டை வாயிலில் நின்ற படைத்தலைவி போல அவள் முழங்கினாள்.

“பந்தயக் குதிரைக்கு ஊசி போட்டா என்ன சொல்லுவாங்க? ஜெயிச்சாலும் செல்லாதும்பாங்க! இருபது பேர் முன்னாடி சொன்ன வார்த்தைடா! நான் மூணு பெத்தேன். ஊசியே வேணாம்னு சொல்லிப் பெத்தேன்!”

பல்ஷெக்கேர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். நிதானமாக வைத்தாள்.

“யாருகிட்ட வேணாம்னு சொன்னே? அந்த மந்தைப் பண்ணையில ஊசி ஆட்டுக்குத்தானே இருந்துச்சு.”

அம்பு தைத்தது.

ஓதப்பட்ட வரலாறு ஒன்று, நடந்தது ஒன்று. பனி கதவுயரம் ஏறிய பண்ணை வீடு. கணவன் மந்தையோடு போயிருந்தான். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வந்து, கையைக் கடித்துக்கொள் என்று மட்டும் சொன்னாள். வேண்டுமா, வேண்டாமா என்று எவரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று மறுப்பதற்கு அங்கே எதுவும் நீட்டப்படவே இல்லை. இருபத்திரண்டு வயதுக்காரி ஒருத்தி அந்த இரவை எப்படியோ கடந்தாள். கடந்ததற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. வீரம் என்று வைத்துக்கொண்டாள்.

ஆனால் தளபதிகள் யோசிப்பது பிறர் கண்ணில் படலாகாது. படாதிருக்க, கொப்பரையை ஆராய்பவள் போல, துணியும் பிடிக்காமல் மூடியைத் திறந்தாள் குல்பாஷ். உள்ளே நான்கு மணி நேரமாய்ச் சிறைப்பட்டிருந்த ஆவிப்படை ஒரே பாய்ச்சலில் வெளிவந்து அவள் மணிக்கட்டைச் சூறையாடிற்று.

“ஐயோ! எரியுதே! எரியுதே! மருந்து எங்க? மரத்துப்போற களிம்பு இருக்குமே, அதை எடு!”

பல்ஷெக்கேர் நாற்காலியை விட்டு எழவில்லை. ஏழாண்டுகள் காத்திருந்தவள் அவள்.

“மூச்ச நல்லா இழுத்து விடு, குல்பாஷ். வலி அலை மாதிரி. வரும், போகும். நம்ம முன்னோருங்கல்லாம் களிம்பா தடவினாங்க?”

“வாய மூடிட்டுக் களிம்ப எடுடி!”

மகப்பேற்று மனையில், இரண்டு வலிகளுக்கு நடுவே கிடைத்த குறுகிய சமவெளியில், குன்சுலு சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அடுத்த வலி வந்து அதை விழுங்கியது. அது வடியும்வரை தௌலெத் தொலைபேசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். தன்னை அறியாமல் அவன் செய்த ஒரே நற்செயல் அதுவாகும். சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்ந்த சிறு திரையில், வியர்வையில் ஒட்டிய முடியும் கடித்துக் கிழிந்த உதடுமாக, ஒரு முகத்தைக் குல்பாஷ் முழுதாகப் பார்த்தாள்.

“அத்தை,” என்றது அந்த முகம், மூச்சு வாங்கி. “ரொம்ப எரியுதா?”

மருத்துவமனைக் கடிகாரம் பன்னிரண்டு இருபத்தொன்று காட்டியது. பல்ஷெக்கேர் ஒருவழியாக எடுத்துத் தந்த களிம்பைப் பூசிய மணிக்கட்டைக் குல்பாஷ் மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

“எரியுது,” என்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். “அன்னிக்கு விருந்துல நீ வாய் நிறைய பண்டத்த வெச்சுக்கிட்டுப் பேசினே. என்ன சொன்னேன்னு எனக்குச் சரியாவே காதுல விழல. கையெழுத்துப் போடு.”

பேனா ஓடிற்று. குன்சுலு முதுகை வில்லென வளைத்தாள். சகிந்திக்கின் மெல்லிய வேல் பாய்ந்தது. இருபது நிமிடத்தில் அவள் பிடியிலிருந்து கட்டிலின் கம்பி விடுதலை பெற்றது.

வெற்றிக் களிப்பில் பல்ஷெக்கேர் ஒரு பேருண்மையை உளறினாள். “இனி கொஞ்சம் மெதுவாத்தான் ஆகும். என் மகளுக்குச் சாயங்காலம் ஆயிடுச்சு. ஐயோ பாவம், உன் கறி முந்திடுமே!”

“பெரிய தட்டு உன் வீட்லதானே இருக்கு? போய் எடுத்துட்டு வா,” என்றாள் குல்பாஷ்.

தேன்சர்க்கரை வாசலைத் தாண்டியதும், முன்னோர் மரபின் காவலாளி, ஊசி போட்ட குதிரையின் வெற்றி செல்லாது என்று முழங்கியவள், கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கொப்பரையில் இரண்டு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். அடுப்பின் குமிழை நீலப் பொட்டளவு நெருப்பு மிஞ்சும்வரை திருகினாள். திரும்பி வந்தவளிடம் வானிலை பற்றிப் பேசினாள்.

மாலை ஐந்தே முக்காலுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. குல்பாஷ் நான்காம் மாடிச் சன்னலைத் திறந்து, முற்றத்து நாய்களும் நிமிரும்படி உலகுக்கு அறிவித்தாள். “பிள்ளை முந்திடுச்சு! என் மருமக ஜெயிச்சுட்டா!” ஊசியாலே என்று பல்ஷெக்கேர் கீழ்மாடிகளுக்கு அறிவித்தாள். முக்கிப் பெற்றது யாருடைய வலிமையாலே என்று குல்பாஷ் மேல்மாடிகளுக்கு அறிவித்தாள். எட்டுப் பத்து மணி நேரத்தில் கிழட்டுக் கடாக்களையே கரைத்துவிடும் அக்கொப்பரை, தன் வரலாற்றின் முதல் தோல்வியைத் தலைகுனிந்து ஏற்றது.

ஏழு மணிக்கு வெற்றி வீராங்கனைக்குரிய முதல் பங்கு, தூக்குப் பாத்திரத்தில் அவள் கட்டிலருகே வந்து சேர்ந்தது. மணிக்கட்டில் கட்டோடு குல்பாஷ் தானே பரிமாறினாள். குன்சுலு பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டு, அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். அத்தை சன்னலைப் பார்த்தாள்.

கறி வேகவே இல்லை.