நீலக் கிண்ணத்துச் சாபம்

குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஜெபக்காரர் ததேயுஸ் வந்திறங்கியதிலிருந்து டாக்டருக்கும் வேலையில்லை, மூளைக்கும் வேலையில்லை. அவருடைய கிண்ணத்திலுள்ள நீலத் தண்ணீரில் கையை முக்க வேண்டும். பச்சையானால் ஆசீர்வாதம். சிவந்தால் சாபம். சாபத்தை ஓட்டக் காணிக்கை. காணிக்கை வாங்காமல் ஓடுகிற சாபம் எந்த ஊரில் இருக்கிறது?

மாமியார் விக்டோரியா முக்கியபோது பச்சை. மருமகள் அஜிஷா முக்கியபோது சிவப்பு. அவள் புருஷன் லிஜோவின் வள்ளத்தில் மீன் படாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது! கடல் தப்பித்தது, மருமகள் மாட்டிக்கொண்டாள்.

"வாற ஞாயிறும் சிவந்தா, உனக்க அம்மைக்க வீட்டுக்குப் போயிரணும்" என்றார் விக்டோரியா. கிழிந்த வலையை ஒக்கிட்டுத் தைத்துக்கொண்டிருந்த லிஜோ பெண்டாட்டிக்காக வாயைத் திறக்கவில்லை.

அஜிஷாவுக்கு அழுகையைவிடக் கோபம் முந்தியது. யோசித்தாள். தண்ணீர் சிவந்ததெல்லாம் தன்னைப்போல மீன் வெட்டும் பெண்களின் கை பட்டபோதுதான். ஜெபத்துக்கு மீன் நாற்றத்தோடு போகலாமா என்று எலுமிச்சம்பழம் தேய்த்துவிட்டுப் போனவர்கள்! மாமியாரோ சோப்புப்பொடியில் துணி அலசிய கையோடு போனவர். கிண்ணத்தின் அடியில் ஒரு நீல இதழ் ஒட்டியிருந்ததும் நினைவுக்கு வந்தது. வேலியிலிருந்து சங்குப்பூவைப் பறித்து அடுப்பில் கொதிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தனியாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெருக்கித் தள்ளியது. அஜிஷா கையை நீட்டவில்லை. மாமியாரிடம் எலுமிச்சம்பழத் துண்டை நீட்டினாள்.

"மாமி, இதைத் தேய்ச்சிட்டு முக்குங்க."

"எனக்கு என்னத்துக்குட்டி? எனக்கது ஆசீர்வாதக் கையாக்கும்!"

"ஆசீர்வாதம் எலுமிச்சங்காய்க்குப் பயப்படுமா?"

கூட்டம் சிரித்தது. ததேயுஸ் கிண்ணத்தை இழுத்தார். லிஜோ, ஒருவழியாக ஆண்மகனாகி, அதைப் பிடித்துக்கொண்டான். விக்டோரியா வீம்புக்குத் தேய்த்து முக்கினார். தண்ணீர் சிவந்தது.

"ஐயோ மாதாவே! எனக்கு ஒரு சாபமும் இல்ல!"

"எனக்கும் இல்ல மாமி."

அஜிஷா முந்தானையில் முடிந்து வந்திருந்த சோப்புப்பொடியை அதே தண்ணீரில் கொட்டினாள். சிவப்பு நீலமாகி, பச்சையானது. "பாத்தியளா? இது சங்குப்பூச் சாயம். புளிப்பு பட்டா சிவக்கும், சோப்புப்பொடி பட்டா பச்சையாவும். பூவுக்க குணம் இது, பிசாசுக்க குணமில்ல."

"விசுவாசமில்லாத இடத்தில் அற்புதம் நடக்காது" என்றபடி ததேயுஸ் பையைச் சுருட்டினார். அற்புதம் நடக்கவில்லை, அவர்தான் நடந்தார், வெகு வேகமாக.

விக்டோரியா மருமகளின் முகத்தைப் பார்க்கக் கூசினார். "வீட்டுக்கு வாட்டி மக்கா."

"வாறேன் மாமி. இனி எவனாவது ஒரு கிண்ணத்தோட வந்தா, கையை நீட்டுகதுக்கு முன்ன ஒரு கேள்வியை நீட்டுங்க."