நூற்றறுபது ஆடுகளுக்கு ஒரு முகவரி

மேய்ச்சல்காரர்களுக்கு வறட்சியைத் தாங்கும் வல்லமையை ஊட்டுவது என்று மேய்ச்சல் நில மேலாண்மை அலுவலகம் ஏகமனதாகத் தீர்மானித்தது. அதன் முதற்படியாக ஓர் ஆணை வந்தது. வடக்குப் புல்வெளிக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு வாங்க நிரந்தர முகவரி வேண்டும்.

ஆட்டுக்காரம்மாவுக்கு நூற்றறுபது செம்மறிகள். அவற்றில் நாற்பது நிறைசினை. ஏரி வற்றிப் பத்து நாளாகிவிட்டது. மந்தையைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

"நிரந்தரமா எங்கம்மா இருக்கீங்க?" என்றார் குமாஸ்தா.

"புல்லு இருக்கிற இடத்துலங்க."

"புல்லு எங்க இருக்கு?"

"அது மழையப் பொறுத்ததுங்க."

குமாஸ்தா நேர்மையானவர். முகவரிக் கட்டத்தில் 'மழையைப் பொறுத்தது' என்றே எழுதி, கள ஆய்வுக்கு அனுப்பினார்.

கள ஆய்வாளர் ஏரிக்கரைக்கு வந்து சேருவதற்குள் மந்தை தண்ணீர் தேடி நகர்ந்துவிட்டது. மூன்று அடுப்புக்கற்களும் கொஞ்சம் புழுக்கையும்தான் மிச்சம். 'மனுதாரரின் வீடு தலைமறைவாகிவிட்டது' என்று அறிக்கை கொடுத்தார்.

அடுத்த வாரம் ஆட்டுக்காரம்மா மறுபடியும் போனபோது அலுவலகம் பூட்டிக் கிடந்தது. விசாரித்து விசாரித்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வேறொரு கட்டடத்தில் அதைக் கண்டுபிடித்தாள்.

"ஏங்க இடம் மாத்திட்டீங்க?"

"அங்க தண்ணி வரலம்மா," என்றார் அதிகாரி.

"நாங்களும் அதுக்குத்தாங்க மாறுறோம்."

"நாங்க மாறினதுக்கு முறையான ஆணை இருக்கு."

"நேத்து ரெண்டு குட்டி செத்தே பொறந்துச்சுங்க," என்றாள் அவள்.

குமாஸ்தாதான் தொண்டையைச் செருமினார். "சார், நம்ம ஆபீஸ் முகவரியையே போட்டுட்டா என்ன?"

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கூடாது என்று எங்கேயும் இல்லை. ஒரே நிபந்தனை: குறிப்பிட்ட முகவரியில் மந்தையை நேரில் காட்ட வேண்டும்.

மறுநாள் காலை நூற்றறுபதும் வந்து சேர்ந்தன. அலுவலக வாசல் புல்தரையைப் பத்து மணிக்குள் வழித்துத் தின்றன. அந்த வட்டாரத்திலேயே ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் அது ஒன்றுதான். கிழட்டு ஆடு ஒன்று படியேறி, வருகைப் பதிவேட்டில் இரண்டு பக்கத்தையும் ருசி பார்த்தது.

அதிகாரி ஜன்னல் வழியாகக் கத்தினார்: "ஏம்மா, இனிமே இந்தப் பக்கமே வராதீங்க! உங்க விவகாரத்தை நீங்களே பாத்துக்குங்க!"

இதற்கு அலுவலக மொழியில் 'சமூகப் பங்கேற்பு' என்று பெயர். வடக்குப் புல்வெளிக் குழு அன்று மாலையே அமைக்கப்பட்டது. ஆட்டுக்காரம்மாவே தலைவி. கையோடு அனுமதிச் சீட்டில் குத்த ஒரு ரப்பர் முத்திரையும் கொடுத்தார்கள்.

வடக்கே நல்ல மழை பெய்து புல் முழங்கால் உயரம் நின்றது. மீதிச் சினையாடுகள் குறையில்லாமல் ஈன்றன. கொழுந்தன் சிரித்ததை அவள் அந்த வருஷத்தில் அன்றுதான் பார்த்தாள்.

அதற்கு மூன்றாம் நாள் அவளுடைய சொந்த அண்ணன், எலும்பும் தோலுமான ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"ரெண்டு நாளா பட்டினிம்மா. உள்ள விடட்டுமா?"

அவளுக்குக் கண் கலங்கியது. அண்ணனை உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த முத்திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"தாராளமா விடலாம்ணே. ஆனா இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்குப் பத்து மணிக்கு மேல வா."