மாதம் முடிவதற்குள் கருப்பு

"மூணும் கருப்பு," என்றாள் மதாம் லோரிஸ். "முதல் நாளுக்கு ஒண்ணு, ரெண்டாம் நாளுக்கு ஒண்ணு, மூணாம் நாளுக்கு ஒண்ணு. மாசம் முடியறதுக்குள்ள வேணும், வதாத்."

வதாத்தின் கையிலிருந்த அளவு நாடா நழுவிக் கீழே விழுந்தது.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்காக மூன்று நாள் உட்கார்வது பெய்ரூத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பணக்கார வீடென்றால் நாளுக்கொரு கருப்பு உடுப்பு. முதல் நாள் உடுத்தியதையே மறுநாளும் உடுத்திக்கொண்டு உட்கார்ந்தால், செத்தவரை விட்டுவிட்டு ஊர் அதைத்தான் பேசும். ஷல்ஃபூன் உடை மாளிகையின் தலைமை விற்பனைக்காரியான வதாத்துக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனால் வழக்கமாக முதலில் ஆள் சாவார், பிறகுதான் உடுப்புக்கு வருவார்கள்.

"அய்யோ மதாம், யாரு தவறிட்டாங்க?"

"இன்னும் யாரும் தவறல."

"அப்போ?"

மதாம் உதட்டின் மேல் விரலை வைத்தாள். "அது உன்கிட்ட சொல்லக் கூடாது. கழுத்து மட்டும் கொஞ்சம் இறக்கமா இருக்கட்டும். துக்கம்தான், அதுக்காக அப்படியே மூடிக்கிட்டா உட்கார முடியும்?"

மதாம் போன பிறகு வதாத்துக்குக் காபி இறங்கவில்லை. மதாமின் பெற்றோர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் பிரேசிலில் சுகமாக இருக்கிறார்கள். வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஆள். அவள் கணவர் முஸ்யூ நசீப். காலையில் கடலில் நீந்திவிட்டு, பச்சை ஈரலை ரொட்டியில் வைத்து ஒரு கை பார்க்கிற மனிதர். அவருக்கு இந்த மாதத்துக்குள் தானாகச் சாவு வருவதென்றால் சாவுக்கே கஷ்டம்.

"அப்போ யாரோ வரவழைக்கப் போறாங்க," என்றாள் வதாத்.

தையல் அறையின் மூத்தவளான அர்ஷலூஸ் ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "உனக்கு வயசாயிடுச்சுடி. கருப்பு மெலிவாக் காட்டும்னு தைச்சுக்கறாங்களோ என்னவோ."

"மூணு நாளுக்கு மெலிவா?"

மறுநாள் மதாம் ஓதெத் வந்தாள். அவளுக்கும் மூன்று கருப்பு, அவளுக்கும் மாதம் முடிவதற்குள். யாருக்கு என்று கேட்டால் அவளுக்கும் உதட்டில் விரல். அந்த வாரம் முடிவதற்குள், வியாழக்கிழமை சீட்டாட்டத்துக்குக் கூடுகிற அத்தனை பெண்களும் வந்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் கருப்பு. எல்லோருக்கும் வசதியான, வயதான, உயிரோடிருக்கிற கணவன்மார்.

சீட்டாட்டத்தில் என்ன பேசி முடித்தார்கள் என்பது வதாத்துக்குப் பகல் வெளிச்சமாகத் தெரிந்துவிட்டது.

மற்றவர்கள் எப்படியோ, முஸ்யூ நசீப் சாவதை அவளால் தாங்க முடியாது. அவள் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்கிற ஒரே பணக்காரர் அவர்தான். உடுப்பு இல்லாமல் எவளும் விதவையாக மாட்டாள் என்பதும் வதாத்துக்குத் தெரியும். ஆகவே உடுப்பைத் தாமதப்படுத்துவதென்று முடிவெடுத்தாள். எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னாள்: கருப்புப் பட்டு கப்பலில் வருகிறது, கப்பல் எங்கேயோ நிற்கிறது.

அன்று மத்தியானமே மேல்மாடியிலிருந்து மாஸ்டரின் தொலைபேசி அழைப்பு வந்தது. கடை முதலாளியான மாஸ்டர் ஷல்ஃபூன் மும்முரமாக உடுப்பு வரைய ஆரம்பித்தால் கீழே இறங்க மாட்டார். இந்தத் தடவை இறங்கி வாரக்கணக்காகிவிட்டது. அனுப்புகிற சூப் அப்படியே திரும்பி வந்தது. வேலை வெறிதான், வேறென்ன என்று வதாத் எண்ணிக்கொண்டாள்.

"என்ன கப்பல்?" என்றது மெல்லிய குரல்.

"மாஸ்டர், அது வந்து..."

"பொய் சொல்லாதே. எனக்கு நேரமில்லை."

கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் இறங்கியது. உள்ளே ஆள் இல்லை. கருப்புப் பட்டுச் சுருள்கள்தான் கூரை வரை அடுக்கியிருந்தன. மாஸ்டர் யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்திருந்த பழைய பட்டு. கூடவே புதிய வரைபடங்கள். அவ்வளவு அழகான உடுப்புகளை அவர் பல வருடங்களாக வரைந்ததில்லை.

தாமதம் பலிக்கவில்லை. சரி, அளவைக் கெடுத்துவிடலாம் என்று பின்னறைக்குப் போனாள்.

அங்கேதான் வாடிக்கைக்காரிகளின் பொம்மைகள் நின்றன. தலையும் கையும் இல்லாத உடல்கள். அவரவர் இடுப்புக்கும் மார்புக்கும் தக்கபடி பஞ்சு வைத்துக் கட்டி, கழுத்தில் பெயர்ச்சீட்டு தொங்கவிட்டவை. இப்போது எல்லாவற்றின் மேலும் பாதி தைத்த கருப்பு. வதாத் உள்ளே நுழைந்ததும் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் பிடிக்கிற வரை அவளும் அந்தத் தலையில்லாத பெண்களும் மட்டும் இருட்டில் நின்றார்கள். துக்க வீட்டில் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. யாரையோ எதிர்பார்த்து எல்லோரும் வாசல் பக்கமே திரும்பி நின்றிருந்தார்கள்.

விளக்கு வந்ததும், ஒவ்வொரு பொம்மையின் இடுப்பிலும் ஒரு பிடி பஞ்சைக் கூடுதலாகத் திணித்தாள். மாஸ்டரின் உடுப்பை அவள் கெடுப்பது இதுதான் முதல் தடவை. மாஸ்டர் என்றால் அவளுக்கு உயிர். அழுகை வந்தது. ஆனாலும் ஒரு மனிதனின் உயிர் பெரிதா, ஒரு தையல் பெரிதா?

அளவு பார்க்க வந்த மதாம் லோரிஸ் கண்ணாடி முன் நின்றாள். இடுப்பில் கருப்பு தொளதொளவென்று தொங்கியது. இதோ கத்தப்போகிறாள், ரத்து செய்யப்போகிறாள் என்று வதாத் காத்திருந்தாள்.

"வதாத்!" மதாமின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். "நான் இளைச்சுட்டேன்!"

"இல்ல மதாம், தையல்ல ஏதோ தப்பு..."

"மாஸ்டர் தையல்ல தப்பா? உளறாதே. இதைப் பிடிச்சுக் கொடு. நாற்பதாம் நாளுக்கும் ஒண்ணு சேர்த்துத் தைச்சிடு."

சேதி சீட்டாட்டத்துக்குப் போயிற்று. சாயங்காலத்துக்குள் அத்தனை பேரும் வந்து இளைத்துவிட்டுப் போனார்கள். அத்தனை பேருக்கும் நாற்பதாம் நாளுக்கு ஒன்று கூடியது.

"இன்னும் ஏதாவது செய்," என்றாள் அர்ஷலூஸ். "வருஷத் திதிக்கும் தைச்சிடலாம். என் கண்ணு போகட்டும்."

இனி ஒரே வழிதான். கழுத்துப்பட்டி வந்திருக்கிறது என்று சொல்லி முஸ்யூ நசீப்பைக் கடைக்கு வரவழைத்தாள். வெயிலில் சிவந்த முகத்தோடு வந்தார். சோபாவில் உட்கார்ந்தவர், அவளைக் கண்டதும் வழக்கம்போல் எழுந்து நின்றார்.

"முஸ்யூ, வீட்டுல எதையும் சாப்பிடாதீங்க."

"ஏன், வெயிட் போட்டுட்டேனா?"

"மதாம் கருப்பு தைச்சிருக்காங்க. நாலு. மாசம் முடியறதுக்குள்ள யாரோ சாகப் போறாங்களாம்."

முஸ்யூ சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. மனக்கணக்கில் வீட்டு ஆட்களை எண்ணுவது முகத்தில் தெரிந்தது. எண்ணி முடிக்க வெகுநேரம் ஆகவில்லை.

"திரிப்போலிக்காரி விஷயம் அவளுக்குத் தெரிஞ்சு போச்சா?" என்றார் கிசுகிசுப்பாக.

"எந்தத் திரிப்போலிக்காரி?"

முஸ்யூ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தார். பச்சை ஈரலும் கடல் நீச்சலும் கைகொடுக்கவில்லை. காப்பாற்ற நினைத்த நானே கொன்றுவிட்டேனே என்று வதாத் அலறினாள். அர்ஷலூஸ் தண்ணீரோடு ஓடி வந்தாள். வாசலில் காரோடு நின்ற டிரைவர் அபூ ஹன்னாவும் உள்ளே பாய்ந்தார்.

"என்னம்மா பண்ணிட்டீங்க இவரை?"

"நான் ஒண்ணும் பண்ணல! உங்க மதாம்தான்! இவர் சாவுக்குன்னு கருப்பு தைச்சு, எல்லாப் பொம்பளைங்களும் சேர்ந்து, நான் பட்டு இல்லேன்னேன், பஞ்சு வெச்சேன், மாஸ்டரோட துணியையே நாசம் பண்ணேன், ஒண்ணும் பலிக்கல..."

அபூ ஹன்னா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கார் ஓட்டறவனுக்குக் காது கிடையாதுன்னு நினைச்சு எல்லாத்தையும் பின்சீட்டுலதான் பேசுவாங்க. அந்தக் கருப்பு இவருக்கு இல்லம்மா."

முஸ்யூ நசீப் ஒரு கண்ணைத் திறந்தார். "எனக்கு இல்லையா?" என்றார், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

"அப்போ யாருக்கு?" என்றாள் வதாத்.

அபூ ஹன்னா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் மேல்மாடியைக் காட்டினார்.

"டாக்டர் இந்த மாசம் தாண்டாதுன்னுட்டாராம். துக்கத்துக்கு மூணு நாள் உட்காரவும் அவருக்கு இந்த மதாமுங்கதானாம். 'என் சாவுக்கு எவளாவது வேற கடை உடுப்புல வந்தா பெட்டியிலிருந்து எழுந்து உட்கார்ந்துடுவேன்'னு உங்க மாஸ்டரே ஒவ்வொரு மதாமுக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கார்."