சுவர் கண்டால் விடாத வள்ளல்

அரசுப் பள்ளிக்கு நல்லது செய்தே தீருவேன் என்று கிளம்பும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. ஜவ்வாது மலையில் இது ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தென்படத் தொடங்கும். சுதந்திர தினம், ஆசிரியர் தினம், தன் பிறந்தநாள், தன் கல்யாண நாள் என்று ஏதாவது ஒரு சாக்கில் கீழிருந்து ஜீப் பிடித்து மேலே வரும். அடையாளம் காண்பது சுலபம். ஜீப்பிலிருந்து முதலில் பேனர் இறங்கும். பிறகுதான் ஆள்.

சந்தவாசல் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் புருஷோத்தமன் இந்த இனத்தில் முழு வளர்ச்சி கண்ட ஒருவர். 'கரம் கோப்போம் நண்பர்கள் குழு'வின் நிறுவனர், தலைவர், வாட்ஸ்அப் அட்மின். தங்கமான மனிதர்தான். ஏழைக் குழந்தையைப் பார்த்தால் கண் கலங்குவார்; யாராவது செல்போனை நீட்டினால் இன்னும் கொஞ்சம் கலங்குவார். உதவி செய்கிறவரைக் கேலி செய்யலாமா என்று கேட்கிறீர்களா? நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மலைமேல் ஒரு நடுநிலைப் பள்ளி. அதன் தலைமையாசிரியை ஜெயசுதாவுக்கு ஒருநாள் போன் செய்தார்.

"மேடம், உங்க ஸ்கூலுக்கு இன்னா வேணும்னு சொல்லுங்க. செஞ்சிடலாம்."

"பாத்ரூமுக்குத் தண்ணி வரணும் சார். மேல தொட்டியில தண்ணி இருக்கு. அங்கேர்ந்து வர்ற பைப்ப காட்டுப்பன்னி தோண்டிப் போட்டுடுச்சி. எரநூறு அடி பைப்பு இருந்தா போதும்."

"சூப்பர் மேடம். அப்ப நாங்க வந்து சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சித் தர்றோம்."

ஏன் பெயின்ட்? மண்ணுக்குள் புதையும் குழாயின் பக்கத்தில் நின்று எப்படிப் படம் எடுத்துக்கொள்வது? சுவர் என்றால் நிற்கலாம், சாயலாம், பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பது போலப் பார்க்கலாம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு உதவ இருபத்து நான்கு பேர் வந்து இறங்கினார்கள். வந்ததும் ஒரு சிக்கல். வகுப்பறைச் சுவரில் இடம் இல்லை. போன வருஷம் ஒரு குழு பெங்குவின் வரைந்திருந்தது. பின்னால் வந்த குழு அதன் மேலேயே ஒட்டகச்சிவிங்கி வரைந்துவிட்டுப் போனது. அது இன்ன மிருகம் என்று பிள்ளைகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மிச்சம் இருந்தது கழிவறைச் சுவர் ஒன்றுதான். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு குழாயும், அதிலிருந்து சொட்டும் நீலத் துளியும் வரைந்து, 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று எழுதினார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி சாந்தம்மாள் வந்து பார்த்தார். அவர் மகள் வெண்ணிலா அங்கேதான் ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

"உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. வெளிய எதுக்கு சார் இம்மாம் பெரிய கொழா?"

"அது விழிப்புணர்வும்மா."

"எம்பொண்ணு மாசத்துல அஞ்சு நாளு ஸ்கூலுக்கே வர்றதில்ல சார். இன்னிக்கும் வூட்லதான் கீறா. அடுத்த வருஷம் நிறுத்திடலாம்னு அவங்கப்பா சொல்லிக்கினு கீறாரு."

புருஷோத்தமன் நெஞ்சில் கை வைத்தார். "கவலப்படாதீங்கம்மா. எங்க குழு உங்க கூட நிக்கும்."

நின்றது. படத்துக்கு நின்றது.

மதியம் ஊர்க்காரர்கள் சாமைச் சோறு போட்டார்கள். பலாப்பழமும் அறுத்து வைத்தார்கள். மலைப் பலாவைக் கண்ட கீழ்நாட்டு மனிதருக்குக் கணக்குத் தெரியாது. இருபது சுளைக்கு மேல் உள்ளே தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்த புருஷோத்தமன், "சுகாதாரம் என்பது ஒவ்வொரு குழந்தையின்..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். நெற்றியில் வேர்வை அரும்பியது. மைக்கைப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்துவிட்டுக் கழிவறைக்கு ஓடினார்.

ஜெயசுதா சாவியோடு பின்னால் ஓடி, பூட்டைத் திறந்து, "சார், தண்ணி..." என்று சொல்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "மேடம்... தண்ணி வர்லயே?"

வெளியே ஆள் உயரக் குழாய் பெயின்ட் காயாமல் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அதான் சார் காலையிலேர்ந்து சொல்லிக்கினு கீறோம்" என்றார் சாந்தம்மாள். சொல்லிவிட்டுச் சும்மா நிற்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்து ஊற்றுக்கு நடந்தார். போக வர அரை மணி நேரம். அவ்வளவு நேரமும் தலைவர் உள்ளே இருந்தார். கைதட்ட ஆளில்லாமல் அவர் அத்தனை நேரம் இருந்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

வெளியே வந்தவர் சாந்தம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தத் தொட்டி எங்கம்மா?" என்று கேட்டார். காட்டினார்கள். காலடி வைத்து அளந்தார். தன் கடையில் பைப்புச் சுருள்கள்மேல் காலை நீட்டிக்கொண்டு தினமும் பேப்பர் படிக்கிறவர் அவர். அது அப்போதுதான் அவருக்கே உறைத்தது போலும். பேனரைச் சுருட்டாமலே ஜீப்பில் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு, பைப்போடு தனியாக வந்தார். சாந்தம்மாளின் கணவர் கோவிந்தன் மண்வெட்டியோடு நின்றிருந்தார். "பன்னிக்கு எட்டாத ஆழத்துல போட்டாத்தான் சார் நிக்கும்" என்று சொல்லி, ஊர்க்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினார். சாயங்காலம் குழாய் இருமி, செம்மண் கக்கி, பிறகு தெளிவாக ஓடியது. புருஷோத்தமன் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பேசாமல் இருந்ததை ஜெயசுதா இன்றும் அதிசயமாகச் சொல்கிறார்.

அடுத்த மாதம் வெண்ணிலா ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. இப்போது எட்டாம் வகுப்பு. கோவிந்தன் படிப்பை நிறுத்துவதைப் பற்றிப் பேசுவதில்லை.

புருஷோத்தமன் திருந்திவிட்டார் என்கிறீர்களா? குழாய் போட்ட பத்தே நாளில் அவரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், கொழா தொறப்பு விழா வெச்சிக்கலாமா?"

"தொறந்தாச்சே சார்."

"மூடிட்டுத் திரும்பத் தொறக்கலாமே?"

ஜெயசுதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேற ஒண்ணு செய்ங்க சார். வாரத்துல ஒருநாளு யாராவது ஒருத்தர் வந்து, மூணாங்கிளாஸ் புள்ளைங்க வாசிக்கிறத ஒக்காந்து கேட்டாப் போதும். பேசவே வேணாம்" என்றார்.

பேசவே வேண்டாம் என்றதும் குழுவில் இருபத்து மூன்று பேருக்கு அவசர வேலை வந்துவிட்டது. மிச்சமிருந்த தையல்காரர் புவனா மட்டும் வந்தார். ஒவ்வொரு புதன்கிழமையும் காலை பஸ்ஸில் ஏறி இப்போதும் வந்துகொண்டிருக்கிறார். அவரை உங்களுக்குத் தெரியாது. தெரியும்படி அவர் எதுவும் செய்துகொள்வதில்லை.

இதைப் படித்ததும் உங்களுக்கும் மனசு இளகியிருக்கும். பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கும். நல்லது, போய்வாருங்கள். ஒன்றே ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: அங்கே என்ன தேவை என்று யோசித்தீர்களா, இல்லை அன்றைக்கு எந்தச் சட்டை போடுவது என்று யோசித்தீர்களா?