பூபதிக்கு ஒன்பதாவது மாதம்

பழவேற்காடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் முஹ்சினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு முழங்கால் வலி, உன் அக்கா நுஸைபாவுக்கு என்னால் வந்த தலைவலி, மற்றபடி இருவரும் நலம். சூலூர்பேட்டையில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம்.

போன வியாழக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "மச்சான், உங்க ஊரு ஆம்பள ஒருத்தருக்குப் பிரசவம் பாக்க எங்க பக்கத்துலேர்ந்து ஆம்புலன்ஸ் போச்சாமே, யாரு அது?" எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பேச்சை மழைக்குத் திருப்பிவிட்டேன். தெரியும் மச்சான். அந்த வண்டியை வரவழைத்தது நான்தான். முப்பத்துநான்கு வருடம் வகுப்பில் நின்று, உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொன்னவன், அடிக்க யாருமில்லாத வயதில் பொய் சொல்லியிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

கோட்டைக்குப்பம் பூபதியை உனக்குத் தெரியாது. என்னிடம் படித்தவன். அவன் மனைவி அமுதவல்லியும் என்னிடம் படித்தவள்தான். இப்போது கருவாடு விற்கிறாள், இருபது வருடமாக உங்கள் சூலூர்பேட்டைச் சந்தையில்தான், தெலுங்கிலேயே வியாபாரம். ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திரக் கரையில், பூபதியின் தங்கை வீட்டில் காதுகுத்து. "சார் அவசியம் வரணும்" என்று படகிலேயே அழைத்துப் போனார்கள். பாதி ஏரியைத் தாண்டியபோது காலை ஒன்பது மணி. பூபதி இன்ஜினை அணைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். "சார், வவுறு பிச்சிக்கினு போவுது சார்" என்றான். ஆள் வேர்த்து நனைந்துவிட்டான். அமுதவல்லி இன்ஜினைத் திரும்பக் கிளப்பி, ஒரு கையால் படகை ஓட்டிக்கொண்டே மறுகையால் 108-ஐ அழைத்தாள். ஏரி நடுவில் நம் பக்கத்து டவர் எடுக்காது, ஆந்திரா டவர்தான். எடுத்தது ஒரு தெலுங்குப் பெண். அமுதவல்லி, "அம்மா, மா ஆயனகி", எங்க வீட்டுக்காரருக்கு, என்று தொடங்கியிருந்தாள். அவ்வளவுதான் பேச விட்டேன். "கொண்டா இங்க, கவர்மெண்ட்டு ஆளுங்ககிட்ட மரியாதயா பேசணும்" என்றேன். "சார், நான் பேசிக்கிறேன் சார், டெய்லி சந்தையில பேசறதுதான்" என்றாள். சந்தையில் பேசுவது வேறு, இது வேறு என்று சொல்லி போனைப் பிடுங்கினேன். தெலுங்கு பேச என் தகுதி என்னவென்றால், உன் வீட்டில் பத்து நாள் தங்கியிருக்கிறேன்.

இனி நடந்ததைப் பாடமாகவே சொல்கிறேன், அப்போதுதான் எனக்கு எழுத வரும். தமிழில் கடுப்பு என்றால் எரிச்சல், தெலுங்கில் கடுபு என்றால் வயிறு. இது எனக்குத் தெரியும், தெரிந்ததுதான் வினை. 'தோ' என்றால் நம் 'வலியோடு'வில் வரும் 'ஓடு', அதுவும் தெரியும். வயிற்றுவலியோடு இருக்கிறார் என்று சொல்ல நினைத்து, வலிக்கு அவர்கள் என்ன சொல்வார்கள் என்று அந்த நேரம் ஞாபகம் வராமல், அதை மட்டும் விட்டுவிட்டு, "கடுபுதோ உன்னாரு" என்றேன். அதற்கு, பிள்ளை உண்டாகியிருக்கிறார் என்று அர்த்தமாம். நாமும் 'முழுகாமல் இருக்கிறாள்' என்கிறோம். அதைக் கேட்டு ஒருவன் தண்ணீர்த் தொட்டி தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி, அப்படித்தான். சரி, ஆணா பெண்ணா என்றாவது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நான்தான் மரியாதை கொடுத்துவிட்டேனே. 'உன்னாடு' என்றிருந்தால் ஆண் என்று தெரிந்திருக்கும். 'உன்னாரு' என்றால் நம் 'அவர்' மாதிரி யாராகவும் இருக்கலாம். பெயர் கேட்டாள், பூபதி என்றேன்; இன்ஜின் சத்தத்தில் அவள் காதில் பார்வதி என்று விழுந்திருக்கிறது. "என்னோ நெல?" என்றாள். எத்தனையாவது மாதம் என்று கேட்டிருக்கிறாள். எப்போதிலிருந்து என்று கேட்கிறாள் போல என்று நினைத்து, ஒன்பது மணியிலிருந்து என்பதற்கு "தொம்மிதி" என்றேன். அவள் குரலே மாறிவிட்டது. அடுத்து ஏதோ கேட்டாள், "மொதட்டி" என்ற சொல் மட்டும் பிடிபட்டது. முதல் தடவையா என்கிறாள், இவனுக்கு இதற்கு முன் இப்படி வந்ததில்லையே என்று, ஆமாம் என்பதற்கு "அவுனு" என்றேன். அது முதல் பிரசவமா என்ற கேள்வியாம். வயது கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. கேட்டிருந்தால் ஐம்பத்திரண்டு என்று சொல்லியிருப்பேன், விஷயம் அங்கேயே தெளிந்திருக்கும்.

இத்தனைக்கும் அமுதவல்லி கேட்டுக்கொண்டிருக்கவில்லையா என்பாய். அவள் இன்ஜின் பக்கம், நான் மறுமுனையில், காற்று வேறு. நான் போனில் சொன்ன கரையில் வண்டி காத்திருந்தது. நர்ஸம்மா ஒருத்தி கையில் துண்டும் சின்னப் போர்வையுமாக ஓடிவந்தாள். படகில் இருந்த ஒரே பெண் அமுதவல்லி. அவளைப் பிடித்து ஸ்ட்ரெச்சரில் சாய்த்து, மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். அவள் எழுந்திருக்க, இவர்கள் அமுக்க, பூபதி மணலில் கிடந்து, "அவள ஏன் சார் தூக்கறாங்கோ, வலி எனக்கு சார்" என்று கத்த, நான் டிரைவரிடம் என் தெலுங்கில் விளக்கம் சொல்ல, அது எப்படிப் போயிற்றோ, அவர் எனக்கு வாழ்த்துச் சொன்னார். கடைசியில் அமுதவல்லி அவர்களை உதறிக்கொண்டு எழுந்து, தெலுங்கில் ரெண்டே வாக்கியம் பேசினாள். எல்லாரும் பூபதியைத் தூக்கினார்கள். ஆனால் பத்து நிமிஷம் போய்விட்டது.

மச்சான், இதுவரை சிரித்திருந்தால் சிரித்துக்கொள். ஊரும் சிரிக்கிறது. ஆனால் பூபதிக்கு வந்தது குடல்வால் வீக்கம், நேரமானால் வெடித்துவிடும். ஆஸ்பத்திரியில் ஃபாரத்தில் கேட்டதற்குப் பதில் சொல்லலாம் என்று நான் எழுந்தபோது, அமுதவல்லி திரும்பி, "சார், கம்முனு உக்காருங்க" என்றாள். அது என் வார்த்தை. நாலாம் வகுப்பில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, 'எங்க நைனா வலை இழுக்கும்' என்று எழுதியிருந்தாள். நைனாவைச் சிவப்பு மையால் அடித்து, தந்தை என்று எழுதினேன். "சார், வூட்ல போயி தந்தைன்னு கூப்ட்டா யாரு சார் திரும்பிப் பாப்பாங்க?" என்று கேட்டாள். கம்முனு உக்காரு என்றேன். இன்றுவரை பதில் தெரியாது.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்து அவளிடம் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார், நல்ல நேரத்துக்கு இட்டாந்தீங்கன்னு சொல்றாரு" என்றாள். டாக்டர் பேச்சில் 'ஆலஸ்யம்' என்று இரண்டு தடவை வந்தது. அன்று முழுவதும் எனக்குச் சரியாகப் புரிந்த தெலுங்குச் சொல் அது ஒன்றுதான். தாமதம். புரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

பூபதி கண் திறந்ததும் என்னைப் பார்த்து, "இன்னா கொயந்த சார்?" என்றான். அவன் சிரித்தால் தையல் வலிக்கும் என்று, போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இப்போது எழுந்து நடமாடுகிறான். இனி யாருக்காகவும் எந்த பாஷையிலும் போனைத் தொடுவதில்லை என்று உன் அக்கா முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். ஞாயிறுதோறும் அமுதவல்லி வந்து எனக்குத் தெலுங்கு சொல்லித் தருகிறாள். தப்பாகச் சொன்னால் அடிப்பதில்லை, சிரிக்கிறாள், அடித்தால் தேவலை.

உன் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும், பேசத் தெரிந்தவரிடம் போனைக் கொடுக்கும் புத்தியையும் தருவானாக.

அன்புடன்,
உன் மச்சான் ஜலாலுதீன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்து வைத்துவிட்டு, பாடத்துக்கு வந்த அமுதவல்லி உள்ளே உன் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கையில், அவள் போன் அடித்தது. எடுத்துவிட்டேன். 108-லிருந்துதான். "தல்லி, பிட்ட க்ஷேமமா?" என்றார்கள். தாய், பிள்ளை, சுகம். மூன்று சொல்லும் புரிந்துவிட்ட சந்தோஷத்தில் "க்ஷேமம்" என்று சொல்லிவிட்டேன். ஆணா பெண்ணா என்று கேட்டார்கள், அதுவும் புரிந்தது, பதிலும் சொன்னேன். பெயர் வைத்ததும் தெரிவிக்கச் சொன்னார்கள். அமுதவல்லியிடம் இன்னும் சொல்லவில்லை. நீ அவர்களைக் கூப்பிட்டு அப்படி ஒரு குழந்தையே கிடையாது என்று சொல்லிவிடு. குழந்தை இல்லை என்று மட்டும் சொன்னால் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். அதனால், இருபது வருடமாய் அங்கேயே இருக்கிறவன்தானே என்று பார்க்காமல், சொல்லப்போகும் வாக்கியத்தை முதலில் சந்தையில் அமுதவல்லியிடம் ஒரு தடவை சொல்லிக் காட்டு.