கச்சிபௌலி டிஸ்க் இமேஜ் பரணி

தொண்ணூற்றேழு சதவிகிதம். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றெட்டு. இன்னும் தொண்ணூற்றெட்டு.

வாழ்க கிதியோன்! சிக்கந்தராபாத் மெட்டுகூடாவில் மூன்று தலைமுறையாக ரயில் எஞ்சின்களையே அடக்கியாண்ட ஒர்க்‌ஷாப் குடியில் உதித்து, கச்சிபௌலிக் கண்ணாடிக் கோபுரத்தின் ஏழாம் மாடியில் சுழல்நாற்காலிச் சிம்மாசனம் ஏறி, மும்மானிட்டரும் ஒருகுடைக்கீழ் ஆளும் வேந்தன் வாழ்க! வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எலும்பை ஊடுருவும் ஏ.சி. வாடையில், அடையாள அட்டை மார்புக்கவசமாய்ப் புரள, ஒரு நீலக்கோடு வலது ஓரத்தைத் தொடுமா தொடாதா என்று இமைகொட்டாமல் நின்ற அந்த வீரவிழிகள் வாழ்க!

கோடு தொடவில்லை. டிஸ்கில் இடமில்லை என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நின்றுபோனது.

போர் எதன்பொருட்டு? கிதியோனின் கம்பெனி பதினாறு கோர் என்னும் பதினாறு மூளை கொண்ட ஒரு சிப்பைச் செய்யப்போகிறது. இன்னும் செய்யவில்லை. செய்யாத சிப்பைப் போல நடிக்கும் ஒரு மென்பொருள் உண்டு. அதற்குப் பெயர் சிமுலேட்டர். நடிக்கும் கம்ப்யூட்டருக்கு நடிக்கும் ஹார்ட் டிஸ்க் வேண்டாமா? லினக்ஸையும், பதினாறு கோரும் பங்குபோட்டு ஓட்டவேண்டிய பதின்மூன்று புரோகிராம்களையும், அவை மென்று தின்னத் தரவுகளையும் ஒரே ஃபைலுக்குள் அடைத்தால் அதுதான் டிஸ்க் இமேஜ். இல்லாத கம்ப்யூட்டருக்கு இல்லாத டிஸ்க் செய்துகொடுத்தால் இருக்கிற சம்பளம் வரும் ஊர் ஐதராபாத்.

பதின்மூன்றின் முடிவுகளும் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குள் கைக்கு வந்தால், ஆய்வுக்கட்டுரையில் முதல் பெயர் கிதியோன். வராவிட்டால் முதல் பெயர், போன வருடம் வேலைக்குச் சேர்ந்த உப்பல் ஹர்ஷிதா. நான்கு ஆண்டுகளாக, நான்கு கட்டுரைகளில், 'மற்றும் பலர்' என்னும் பொதுக்கல்லறையில் பெயரின்றிப் படுத்திருந்த மாவீரனுக்கு இது உயிர்ப்பின் ஞாயிறு அல்லவா?

ஹர்ஷிதா பக்கத்து மேசைதான். போட்டியாளர் என்ற உணர்வே இல்லாமல் வாரத் தொடக்கத்திலேயே யோசனை சொன்னாள். புதிதாகச் சின்னதாய் ஓர் இமேஜ் கட்டுங்கள், அரைமணி நேர வேலை என்றாள். வேந்தன் நகைத்தான். போர்க்களத்துக்குக் கன்றுக்குட்டியில் போவதா? அவனிடம் ஒரு பட்டத்து யானை இருந்தது. வேலையை விட்டுப் போன யாரோ ஒரு முன்னோர் பொது ஃபோல்டரில் விட்டுச்சென்ற பழைய இமேஜ். பெயர் 'ஃபைனல் நியூ டூ'. எடை பதினெட்டு ஜிபி. பழசுதான் நம்பகமானது என்பது அவன் துணிபு. அதை யார் செய்தார், எதற்குச் செய்தார் என்று அவனும் கேட்கவில்லை, அவனுக்கு முன் எடுத்தவர்களும் கேட்கவில்லை. அத்தொழிலில் அப்படித்தான் வழக்கம்.

"சரே, மீ இஷ்டம்" என்று தன் மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள் அவள். உங்கள் இஷ்டம் என்று அர்த்தம். தெலுங்குப் பெண்கள் அதைச் சொன்னால் எச்சரிக்கை என்று அர்த்தம்.

ஆக, இடமில்லை. அஞ்சினானா? யானையின் வயிற்றை இன்னும் இருபது ஜிபி அகலமாக்கினான். புரோகிராம்களும் தரவுகளும் மதகு திறந்த மூசி ஆற்று வெள்ளமாய் உள்ளே பாய்ந்தன. அடுத்தது களையெடுப்பு. சிமுலேட்டருக்குள் ஒரு நொடி கழிய வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே பூட் ஆகும்போது தலைநீட்டும் ஒவ்வொரு வெட்டிச் சேவையும் வேந்தனின் ஆயுளைத் தின்னும் அரக்கன். இமேஜை மவுண்ட் செய்து, கரிய டெர்மினல் என்னும் சுரங்கவாயில் வழியே அதன் குடலுக்குள் தனியொருவனாய்ப் புகுந்து, இல்லாத பிரிண்டரைத் தேடும் சேவையை வேரோடு பிடுங்கி, இல்லாத ஹெட்போனுக்கு ஏங்கும் புளூடூத்தின் சிரம் கொய்து, யாரும் கேளாமலே அப்டேட் தேடி அலையும் ஒற்றனை ஓட ஓட விரட்டி, நேரம் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று வலைத்தொடர்புக்காகக் காத்துக்கிடக்கும் சோம்பேறியைச் சாம்பலாக்கி, எல்லாவற்றுக்கும் கடைசியில் பதின்மூன்று புரோகிராம்களையும் வரிசையாய் ஓட்டும் ஸ்கிரிப்டைக் கொடிக்கம்பமாய் நட்டு வெளியே வந்தான். கொன்றவை நாற்பத்தொன்று. கொசுக்களை எண்ணிக் கொன்றவன் எருமையை எண்ண மறந்தான் என்று அப்போது யாரும் அவனிடம் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குப் பெரிய சர்வரில் சிமுலேட்டர் கிளம்பியது. முதல் ஒரு மணி நேரம் திரையில் வரிகள் பொழிந்தன. ஒவ்வொரு வரிக்கும் வேந்தன் தலையசைத்து வாழ்த்தினான். பன்னிரண்டரைக்கு ஒரு வரி வந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை. ஒன்று. இரண்டு. கான்டீனில் பிரியாணி தீர்ந்தது. மூன்று. அவன் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான். நான்கு. திரையைத் துடைத்துப் பார்த்தான்.

ஐந்து மணிக்கு எமன் வந்தான். எமனுக்குப் பெயர் சந்திரமோகன். அடுத்த டீமின் லீட். லாலாகூடா ரயில்வே காலனித் தமிழர். தோளில் பை, கையில் டிபன்பாக்ஸ். இருக்கும் சர்வர் ஒன்று, கேட்கும் டீம் இரண்டு. மேனேஜர் பிரசாத் பிறப்பித்த சட்டம் எளியது: வெள்ளி மாலை ஐந்து மணிக்கு யாருடைய வேலை ஓடிக்கொண்டிருக்கிறதோ, சனி ஞாயிறு சர்வர் அவர்களுக்கே.

"என்ன கிதி, ஓடுதா?"

"ஹவ் அண்ணா, ஓடுது."

சந்திரமோகன் குனிந்து பார்த்தார். "ஸ்கிரீன் கருப்பா இருக்கே பா. தூங்குதா என்ன?"

அப்போதுதான் கிதியோன் எழுந்தான். ஏழாம் மாடி அமைதியாயிற்று, பாதிப்பேர் கிளம்பிவிட்டிருந்தார்கள். சிமுலேட்டரின் புள்ளிவிவரத் திரையை இழுத்து அவர் முன் நிறுத்தினான்.

"இங்க பாருங்கண்ணா. பதினாறு கோரும் நூறு பர்சென்ட். ஒண்ணுகூட சும்மா இல்ல. தூங்குற மெஷின் இப்படி உழைக்குமா? இத நிறுத்தினா திங்கக்கிழமை எம்பேரு மறுபடியும் கடைசியிலதான். நீங்க நிறுத்துன்னு சொல்லுங்க, நிறுத்திடறேன்."

பதினாறு பச்சைப் பட்டைகளும் விறைத்து நின்றன. சேனை அணிவகுத்து நிற்பதைக் கண்ட சந்திரமோகனின் உள்ளம் இளகியது. ஐந்தேகாலுக்குச் சிக்கந்தராபாத் ஷட்டில் கிளம்பிவிடும் என்பதும் அந்த இளக்கத்துக்குச் சிறிது உதவியது.

"நக்கோ பா, நக்கோ. கைக்கு இந்த டென்ஷன்? நீயே வெச்சுக்கோ. எனக்கு பஸ் போயிடும்." நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு; ஐதராபாத் உருது தமிழர் வாயிலும் புகுந்துவிடும்.

வெற்றி! ஒரு துளி ரத்தம் சிந்தாமல் இரண்டு பகலும் மூன்று இரவும் ஒரு மாபெரும் சர்வரும் வேந்தன் வசமாயின. தான் தோற்றதாகத் தோன்றாமல் ஹர்ஷிதாவும் வாழ்த்திவிட்டு உப்பலுக்குப் போனாள். திங்கட்கிழமை முடிவுகள் தயாராக இருக்கும் என்று பிரசாத்துக்கு மெயில் எழுதி, கட்டுரையின் முதல் பக்கத்தில் தன் பெயரை ஹர்ஷிதாவின் பெயருக்கு மேலே ஏற்றி, சற்றுத் தள்ளி நின்று அழகு பார்த்து, அந்தப் பதினாறு பட்டைகளையும் பெற்ற பிள்ளைகளைப் போலத் தடவிக்கொடுத்து, கண்ணாடி லிஃப்டில் விண்ணிலிருந்து மண்ணுக்கு இறங்கும் தேவனைப் போல இறங்கி, ஹாரன்கள் முரசறையக் கச்சிபௌலி டிராஃபிக்கில் தன் ஸ்கூட்டி என்னும் ரதத்தை அங்குலம் அங்குலமாகச் செலுத்திப் போனான் கிதியோன்.

அந்தப் பழைய இமேஜில் இருந்தது ஜன்னலும் ஐகானும் காட்டும் டெஸ்க்டாப் லினக்ஸ் என்பதால், கடைசியில் நட்ட ஸ்கிரிப்டின் முறை வராமலே, பதினாறு கோரும் திங்கட்கிழமை காலை வரை இல்லாத திரைக்கு வால்பேப்பர்தான் வரைந்துகொண்டிருந்தன.